குழிப்பந்தாட்டப் பணப்பந்தயம்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் தொழில்முறைப் போட்டிகளில் யார் வெல்வார், யார் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவார், இருவரில் எவர் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பார் என்பன போன்றவற்றைக் கணித்துப் பணம் கட்டுவது குழிப்பந்தாட்டப் பணப்பந்தயம் ஆகும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இது உரிமம் பெற்று நடத்தப்படும் தொழில். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் தடை செய்திருக்கிறது. இந்த விளையாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று தோன்றலாம். ஆனால் கோல்ஃப் ஒரு திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய தீர்ப்பு, சென்னை கிண்டியில் நடந்த குதிரைப் பந்தயத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததால் எழுந்த வழக்கில்தான் வந்தது. இன்றுவரை இந்தியாவில் பணப்பந்தயம் குறித்த வாதங்கள் பலவும் அந்தத் தீர்ப்பைத் தொட்டே தொடங்குகின்றன.

ஆட்டத்தின் அமைப்பு

ஒரு தொழில்முறைப் போட்டி வழக்கமாக வியாழன் தொடங்கி ஞாயிறு முடிய நான்கு நாட்கள் நடக்கும். நாளுக்கு 18 குழிகள் கொண்ட ஒரு சுற்று. பெரிய போட்டிகளில் 150 பேருக்கு மேல்கூடக் களமிறங்குவர். இரண்டு சுற்றுகள் முடிந்ததும் ஏறத்தாழ பாதிப் பேர் வெளியேற்றப்படுவர். இதைக் 'கட்' என்பர். மீதிப் பேர் கடைசி இரண்டு நாட்கள் ஆடுவர். மொத்த அடிகள் குறைந்தவரே வெற்றியாளர்.

கிரிக்கெட்டில் இரண்டே அணிகள். ஒரு குதிரைப் பந்தயத்தில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள். இங்கோ 150 பேர். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கோல்ஃப் பந்தயத்தின் கவர்ச்சியும் அதிலுள்ள கண்ணியும் பிறக்கின்றன. கட்டிய பணம் ஐம்பது மடங்கு, நூறு மடங்காகத் திரும்பும் வாய்ப்பு ஒவ்வொரு வாரமும் கண்ணுக்குத் தெரியும். அதே சமயம் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கூட பெரும்பாலான வாரங்களில் தோற்கவே செய்வார். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் 82 பட்டங்கள் பெற்ற டைகர் வுட்ஸ், ஆடிய போட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத்தான் வென்றார். அதுவே அந்த ஆட்டத்தின் வரலாற்றில் வியப்பாகப் பேசப்படும் அளவு.

வானிலையும் ஒரு பங்காளி. முதல் இரண்டு நாட்களில் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் காலையிலும் பாதிப் பேர் பிற்பகலிலும் புறப்படுவர். மறுநாள் அது மாறும். வியாழன் பிற்பகல் கடற்காற்று வீசி, வெள்ளி காலை அமைதியாக இருந்தால் ஒரு குழுவினருக்கு வாய்ப்பாகவும் மற்றக் குழுவினருக்குத் தண்டனையாகவும் அமையும். இதில் எவருடைய திறமைக்கும் பங்கு இல்லை.

வரலாறு

கோல்ஃப் தொழிலாக உருவானதே பணயப் பணத்தின் மேல்தான். 19-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் செல்வந்தர்கள் கட்டிய பணயத்துக்காக ஒருவரோடு ஒருவர் மோதினர். ஓபன் போட்டி 1860-இல் தொடங்கிய பிறகும் இத்தகைய மோதல்களே கூட்டத்தை இழுத்தன. 1870-இல் மசல்பரோவில் ஓல்ட் டாம் மாரிசும் வில்லி பார்க்கும் மோதிய ஆட்டம் பெயர்பெற்றது. பார்வையாளர்கள் தங்கள் பணம் யார் மேல் இருக்கிறதோ அவருக்குச் சாதகமாகப் பந்தைக் காலால் தள்ளத் தொடங்கினர். ஆறு குழிகள் மீதமிருந்தபோது நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மாரிஸ் அருகிலிருந்த மதுக்கடைக்குப் போய்விட, பார்க் தனியாக மீதிக் குழிகளை ஆடி முடித்துப் பணயம் தனக்கே என்று உரிமை கோரினார். பந்தயம் கட்டியவர் ஆட்டத்துக்குள் கைவைக்கும் சிக்கல் இணையத்தோடு வந்ததல்ல என்பதற்கு இது சான்று.

இந்தியாவின் பெயரும் இந்த வரலாற்றில் உண்டு. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றும் இயங்கும் மிகப் பழைய கோல்ஃப் கழகம் 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம். ஆனால் அமெரிக்கக் கோல்ஃப் கழகங்களில் 'கல்கத்தா' என்றால் ஊரோ கழகமோ அல்ல. ஒரு வகை ஏலப் பந்தயம். போட்டிக்கு முந்தைய இரவு ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயரும் ஏலம் விடப்படும். ஏலத்தொகை எல்லாம் ஒரே குடத்தில் சேரும். வென்றவரை 'வாங்கியவர்' குடத்தின் பெரும் பங்கைப் பெறுவார். கல்கத்தாவின் குதிரைப் பந்தயக் கழகம் நடத்திய புகழ்பெற்ற பரிசுத் திட்டத்திலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டியிலேயே தொடக்க ஆண்டுகளில் இத்தகைய ஏலம் நடந்தது.

1955-இல் நியூயார்க்கை அடுத்த டீப்டேல் கழகத்தில் இந்த ஏலம் பெரும் மோசடியில் முடிந்தது. கோல்ஃபில் ஆட்டத்திறன் குறைந்தவருக்கு 'ஹேண்டிகேப்' என்ற சலுகை அடிகள் உண்டு. அங்கே திறமையான இருவர், தாங்கள் சுமாரான ஆட்டக்காரர்கள் என்று பொய்க் கணக்குக் காட்டிக் கூடுதல் சலுகை அடிகளோடு இறங்கி, ஏறத்தாழ 16,000 டாலரை அள்ளிச் சென்றனர். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அதன்பின் இத்தகைய ஏலங்களுக்கு எதிராக வெளிப்படையாக நின்றது; பல கழகங்கள் அவற்றைக் கைவிட்டன.

புக்கிகள் ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போடுவது 'ஹோல் இன் ஒன்'. இது அரிய நிகழ்வு என்று எல்லோரும் நம்புகிறார்கள். தனி ஒருவருக்கு அது உண்மைதான்; தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்கு, குறுகிய குழிகளில் 2,500 முயற்சிக்கு ஒருமுறை வாய்க்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் ஒரு போட்டி முழுவதையும் எண்ணிப் பார்த்தால் கதை மாறும். 150 பேர், சுற்றுக்கு நான்கு குறுகிய குழிகள், இரண்டு சுற்றுகள்: 1,200 முயற்சிகள். மிஞ்சும் 70 பேர் இன்னும் இரண்டு சுற்றுகள்: 560. ஆக 1,760 முயற்சிகள். அந்தப் போட்டியில் யாராவது ஒருவருக்கு அது வாய்க்கும் நிகழ்தகவு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. 1991-இல் இங்கிலாந்தின் எசெக்ஸைச் சேர்ந்த இருவர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஊர் ஊராகச் சிறிய பந்தயக் கடைகளுக்குச் சென்றனர். கணக்குத் தெரியாத கடைக்காரர்கள் சிலர் ஒன்றுக்கு மூன்று முதல் ஒன்றுக்கு நூறு வரை தர ஒப்புக்கொண்டனர். அவர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பெரிய போட்டிகளிலும் அந்த ஆண்டு 'ஹோல் இன் ஒன்' விழுந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பவுண்டு அவர்களுக்குச் சேர வேண்டியதாயிற்று. சில கடைகள் பணம் தராமல் நழுவின. இன்று எந்தக் கடையும் அந்தத் தவறைச் செய்வதில்லை. கணினி அந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடுகிறது.

பந்தய வகைகளும் கணக்கும்

வெற்றியாளரைச் சொல்வது அடிப்படைப் பந்தயம். 'ஒன்றுக்கு இருபது' என்றால் 100 ரூபாய் கட்டியவர் வென்றால் 2,000 ரூபாய் இலாபமும் கட்டிய 100 ரூபாயும் திரும்பப் பெறுவார். அந்த விகிதத்துக்குள் ஒரு நிகழ்தகவு ஒளிந்திருக்கிறது: 21-இல் 1, அதாவது 4.8 சதவீதம் அளவு. நியாயமான விகிதம் என்றால் எல்லா ஆட்டக்காரர்களின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் 100 வர வேண்டும். புக்கி தரும் விகிதங்களைக் கூட்டினால் 100-ஐத் தாண்டும். தாண்டும் அளவே அவருடைய வருமானம்.

எளிய எடுத்துக்காட்டாக, சம திறமையுள்ள 100 பேர் ஆடும் ஒரு போட்டியைக் கொள்ளலாம். நியாயமான விகிதம் ஒன்றுக்கு 99. புக்கி ஒன்றுக்கு 69 தருகிறார் என வைத்துக்கொள்வோம். 69 மடங்கு என்பதே பெரிய தொகையாகத் தெரிவதால் குறைந்துபோன 30 மடங்கு எவர் கண்ணிலும் படாது. இப்போது ஒரு விடுதியில் தங்கியிருக்கும் 100 தொழிலாளர்கள், ஆளுக்கு ஒரு ஆட்டக்காரர் பெயரில் 100 ரூபாய் கட்டுகிறார்கள். போன பணம் 10,000. எவர் வென்றாலும் விடுதிக்குத் திரும்பும் பணம் 7,000. வென்ற ஒருவரின் கொண்டாட்டம் விடுதி முழுக்கக் கேட்கும். மற்ற 99 பேரின் நட்டம் கேட்காது. நான்கே வாரம் இப்படி நடந்தால் 40,000 ரூபாயில் 12,000 ரூபாய் அந்த விடுதியை விட்டுப் போயிருக்கும்.

இருவரில் யார் முந்துவார் என்ற நேரடி மோதல் பந்தயத்தில் புக்கியின் பங்கு மிகக் குறைவு. இருபுறமும் 110 கட்டினால் 100 இலாபம் என்று வைத்தால், சேரும் 220-இல் 210 திரும்பிவிடும், நட்டம் 4.5 சதவீதம். எனவே புள்ளிவிவரம் அறிந்த பந்தயக்காரர்கள் இந்த வகையையே நாடுகின்றனர். புதியவர்களோ நூறு மடங்கு தரும் பட்டியலையே பார்ப்பர்.

'ஈச் வே' என்ற வகையில் கட்டும் பணம் இரண்டாகப் பிரியும். பாதி வெற்றிக்கு, பாதி முதல் ஐந்து இடங்களுக்கு. இடத்துக்கான விகிதம் வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றுக்கு ஐம்பது உள்ள ஆட்டக்காரர் மேல் 100 வீதம் மொத்தம் 200 ரூபாய் கட்டினால், அவர் நான்காவதாக வரும்போது வெற்றிக்கான 100 போய்விடும். இடத்துக்கான 100-க்கு ஒன்றுக்குப் பத்து என 1,100 கிடைக்கும். ஆனால் ஐந்தாம் இடத்தை நால்வர் பகிர்ந்துகொண்டால் 'டெட் ஹீட்' விதி வரும். கட்டிய 100 நான்காகப் பிரிந்து 25 ஆகும். கிடைப்பது 275 மட்டுமே. கோல்ஃபில் சம நிலைகள் மிக இயல்பு என்பதால் இந்தச் சிறிய எழுத்து விதி அடிக்கடி பணத்தைத் தின்னும்.

பெரிய வெற்றிக் கதைகள் இந்தத் தொழிலின் விளம்பரம். 2003 ஓபன் போட்டியை உலகத் தரவரிசையில் 396-ஆம் இடத்திலிருந்த பென் கர்டிஸ் வென்றார். அவர் மேல் ஒன்றுக்கு 300 அளவில் விகிதம் இருந்தது. 1999-இல் கார்னூஸ்டியில் கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடிகள் முன்னிலையில் இருந்த ழான் வான் டி வெல்டே அதே குழியில் அத்தனையையும் தொலைத்தார்; கடைசி நாளைப் பத்து அடிகள் பின்தங்கித் தொடங்கிய பால் லாரி பட்டத்தை வென்றார். 2019 மாஸ்டர்ஸில் டைகர் வுட்ஸ் மேல் 85,000 டாலர் கட்டிய ஒருவர் ஒன்றுக்கு 14 விகிதத்தில் 11 இலட்சத்து 90 ஆயிரம் டாலர் இலாபம் பார்த்த செய்தி உலகெங்கும் பரவியது. வான் டி வெல்டே மேல் பணம் கட்டியிருந்தவர்களின் பெயர்களை எந்தச் செய்தியும் தேடிப் போகவில்லை.

திறமையா, அதிர்ஷ்டமா: கிண்டி வழக்கு

கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. ஓடுபாதையின் நடுவே உள்ள பரந்த வெளியில் மெட்ராஸ் ஜிம்கானா கழகத்தின் கோல்ஃப் திடல் இருந்தது. சுற்றிலும் குதிரைகள் ஓட, நடுவில் பந்து உருளும் இடமாக அது பல தலைமுறைக்கு இருந்துவந்தது.

குதிரைப் பந்தயத்தால் குடும்பங்கள் சீரழிகின்றன என்று கூறி 1974-இல் தமிழ்நாடு அரசு அதை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் ரேஸ் கிளப்பையே அரசுடைமையாக்க இன்னொரு சட்டம் வந்தது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயத்தில் குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஓட்டுநரின் திறன் ஆகியவையே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. எனவே அது திறமை விளையாட்டு. அதன்மேல் பணம் கட்டுவது சூதாட்டச் சட்டத்தில் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம். அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் இடத்தில், பகடை உருட்டுதல் முதலியவற்றை ஒருபுறமும், கோல்ஃப், சதுரங்கம், ரம்மி ஆகியவற்றை மறுபுறமும் நீதிமன்றம் காட்டியது.

இத்தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒரு மடிப்பு உண்டு. கோல்ஃப் ஆடுபவரின் திறமை ஐயத்துக்கு இடமற்றது. பத்தாயிரம் மணிநேரப் பயிற்சி இல்லாமல் எவரும் அந்த நிலைக்கு வர முடியாது. ஆனால் பணம் கட்டுபவர் மட்டையைத் தொடுவதில்லை. அவருடைய திறமை என்பது கணிக்கும் திறமை. காற்று, திடலின் தன்மை, அண்மைக் கால ஆட்டம், புள்ளிவிவரம் எல்லாம் படித்தவருக்கு அது ஓரளவு உண்டு. ஆனால் புக்கியின் பங்கையும் தாண்டி நெடுங்காலம் இலாபம் ஈட்டும் அளவுக்கு அது வெகுசிலருக்கே வாய்க்கும். ஆட்டக்காரரின் திறமையைக் காட்டிப் பந்தயக்காரரின் செயலுக்கு நியாயம் தேடும் இந்த வழுக்கலே பிற்கால இணையப் பந்தய நிறுவனங்களின் முதன்மை வாதமாயிற்று.

கிண்டி நிலத்தின் கதை வேறு வழியில் முடிந்தது. 1946-இல் ஆண்டுக்கு 614 ரூபாய் 13 காசு வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகையாகத் தரப்பட்ட ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம் அது. வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு கோரியது. 2024 செப்டம்பரில் குத்தகையை நீக்கி வளாகத்துக்கு முத்திரை வைத்தது. பந்தயம் ஒழுக்கமா இல்லையா என்று கால் நூற்றாண்டுக்கு நீடித்த வாதம் செய்ய முடியாததை வாடகைக் கணக்குச் செய்தது.

தமிழ்நாட்டுச் சட்டங்கள்

தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. திறமை மட்டுமே சார்ந்த விளையாட்டுகளுக்கு அது விலக்களித்தது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை. 500 ரூபாய்க்குக் குறையாத குதிரைப் பந்தயப் பரிசுகளுக்கான பங்களிப்பு மட்டும் விதிவிலக்கு. கோல்ஃபுக்கு அத்தகைய விலக்கு இல்லை. அதாவது வென்ற பணத்தைத் தர மறுக்கும் புக்கி மேல் வழக்குத் தொடுக்க முடியாது.

2021-இல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் எல்லா விளையாட்டுகளையும் தடை செய்த மாநிலச் சட்டத்திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. கடன்பட்டவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022-இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றிய பின் 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இச்சட்டத்தில் சூதாடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று வகைப்படுத்திய அட்டவணையை மட்டும் நீக்கியது.

2025-இல் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை விதித்தது. ஆதார் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கியது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இவ்விதிகள் செல்லும் என்றது. கோல்ஃபைப் பொறுத்தவரை அந்த ஐந்து மணிநேரம் எதிர்பாராத பொருத்தம். அகஸ்டாவில் ஞாயிறு மாலை 7 மணிக்குக் கடைசிக் குழி முடிந்தால் இங்கே திங்கள் அதிகாலை 4.30. அமெரிக்கப் போட்டிகளில் பணம் மிக வேகமாகக் கைமாறும் கடைசிச் சில மணிநேரம் முழுவதும் இந்தத் தடை நேரத்துக்குள்ளேயே விழுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இச்சட்டம் கிண்டித் தீர்ப்பின் கேள்வியையே கடந்துவிட்டது. திறமையா, அதிர்ஷ்டமா, இரண்டும் கலந்ததா என்று பார்க்காமல், பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவும் தடைக்குரியது என்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 இலட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே அது கருதுகிறது. இந்த இடத்தில் மாநிலச் சட்டமும் ஒன்றியச் சட்டமும் வெவ்வேறு திசையில் நிற்பது மாணவர்கள் கவனிக்கத் தக்கது. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

ஆட்டக்காரர்கள்

தொழில்முறைச் சுற்றுகளின் விதிப்படி ஆட்டக்காரர் எந்தத் தொழில்முறைக் கோல்ஃப் போட்டியிலும் பந்தயம் கட்டக் கூடாது. தான் ஆடாத போட்டியானாலும் கூடாது. அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த ஒன்றியத் தடையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில் நீக்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கத் தொழில்முறைச் சுற்று தன் நேர்மைக் கண்காணிப்புத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. 2023-இல் இரண்டாம் நிலைச் சுற்றைச் சேர்ந்த இருவர், தாங்கள் ஆடாத போட்டிகளில் பந்தயம் கட்டியதற்காக முறையே ஆறு மாதமும் மூன்று மாதமும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆறு பெரும் பட்டங்கள் வென்ற பில் மிக்கெல்சன் அதே ஆண்டில், சூதாட்டம் தனக்குப் பொழுதுபோக்கைத் தாண்டி அடிமைத்தனமாகிக் குடும்பத்தைப் பாதித்ததைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை அவர் அளவுக்கு அறிந்தவர் உலகில் சிலரே. அந்த அறிவு அவரைக் காக்கவில்லை.

சிறிய போட்டிகளில் ஆபத்து அதிகம். இந்தியத் தொழில்முறைக் கோல்ஃபர்களில் பலர் திடலில் பை சுமந்த கேடி வேலையிலிருந்து மேலே வந்தவர்கள். 1991-இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், 2009-இல் அதை வென்ற பெங்களூருவின் சி. முனியப்பா ஆகியோர் அப்படி வந்தவர்களே. பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருப்பவருக்குப் பரிசுப்பணம் பயணச் செலவுக்கே போதாது. அத்தகைய போட்டி ஒன்றில் ஒரு குறிப்பிட்ட குழியில் ஓர் அடி கூடுதலாகப் போகுமா என்பதற்குக்கூட எங்கோ ஒரு செயலியில் பணம் கட்ட முடியும் என்றால், யார் பக்கம் நெருக்கடி போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் பகுதி

செங்கல்பட்டு மாவட்டத்தில் குடைவரை நரசிம்மர் கோயிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவில், இன்று ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையின் வாயில். கார், டயர், மின்னணுப் பொருள் ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து இங்குள்ள வாடகை அறைகளில் தங்குகின்றனர். மாதச் சம்பளம் நேரடியாக வங்கிக் கணக்கில் வருகிறது. அதே கைப்பேசியில் பணம் அனுப்பும் செயலியும் இருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து அறைக்கு வருபவருக்கு நள்ளிரவில் நடந்துகொண்டிருக்கும் விளையாட்டு எதுவென்றால், பெரும்பாலும் அது இந்தியாவில் நடப்பதாக இராது. வெளிநாட்டிலிருந்து சட்டவிரோதமாக இயங்கும் பந்தயத் தளங்கள் கிரிக்கெட் இல்லாத நேரத்தை டென்னிஸ், கூடைப்பந்து, கோல்ஃப் என்று நிரப்புகின்றன. ஆட்டத்தின் விதி தெரியாவிட்டாலும் பெயருக்கு எதிரே உள்ள எண் எல்லோருக்கும் புரியும்.

இங்கே பந்தயத்தில் தோற்பதைவிடப் பெரிய சிக்கல் பணம் செல்லும் வழி. இந்திய அந்நியச் செலாவணி விதிகள் லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தடை செய்கின்றன. எனவே இத்தளங்கள் உள்நாட்டில் யாரோ ஒருவரின் சாதாரண வங்கிக் கணக்கைப் பயன்படுத்துகின்றன. 'உன் கணக்கைக் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறோம்' என்று முகவர்கள் தொழிலாளர்களையும் மாணவர்களையும் அணுகுவர். ஏ.டி.எம். அட்டை, சிம், கடவுச்சொல் எல்லாம் கைமாறும். அந்தக் கணக்கின் வழியே சூதாட்டப் பணத்தோடு இணைய மோசடிப் பணமும் ஓடும். புகார் வந்ததும் முதலில் முடக்கப்படுவது அந்தக் கணக்கு; காவல்துறை முதலில் தேடுவது கணக்கின் பெயரில் உள்ளவரை. பந்தயமே கட்டாத ஒருவர் வழக்கில் சிக்குவது இப்படித்தான். பந்தயம் கட்டி வென்றவருக்கும் இதே வழியில் தொல்லை வரும்: வென்ற பணம் இத்தகைய கணக்கொன்றிலிருந்து வந்தால், சம்பளக் கணக்கே முடங்கி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் நின்றுவிடும்.

பணத்தை ஏமாந்தவர்கள் 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். மோசடிப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முதல் சில மணிநேரமே வாய்ப்பு. பந்தயப் பழக்கத்திலிருந்து வெளியேற முடியாமல் தவிப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் 14416 என்ற டெலி-மனஸ் எண் இரவு பகலாகக் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.